நம்ம வீட்டு லட்சுமியை வரைந்தவர்: ராஜா ரவி வர்மா



புலாவ் செபாங்கில் எந்த வீட்டுச் சாமி மேடையை வேண்டுமானாலும் பாருங்கள். பழைய தோட்டத்து லயன் வீடாக இருந்தாலும் சரி, புதுத் தாமான் வீடாக இருந்தாலும் சரி, அங்கே ஒரு லட்சுமி படம் இருக்கும். தாமரை மேல் நிற்பாள், நாலு கை, சேலை கட்டியிருப்பாள், பக்கத்தில் யானை. சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் அடுக்குகிறோமே, அங்கே வைக்கிற படத்தில் அம்மா வெள்ளைச் சேலையில் வீணையோடு உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் மயில் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு லட்சுமி என்று நினைத்தாலே நம்மில் பலருக்கு வருவது இந்த மாதிரி முகம்தான். ஆதிகாலத்திலிருந்தே அம்பாள் இப்படித்தான் இருந்தாள் என்றுகூட நினைத்திருப்போம்.

ஆனால் இந்த உருவத்துக்கு வயசு ஏறக்குறைய 130 வருஷம்தான். இதை வரைந்து வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் ராஜா ரவி வர்மா. அவர் தீட்டிய எண்ணெய்ச் சாயம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஒளியும் நிழலும் போட்டு உருவத்தைத் தூக்கிக் காட்டும் முறையும் அங்கேயிருந்து வந்ததுதான். அச்சடித்த இயந்திரம் ஜெர்மனியில் செய்தது. நம்ம சாமி படத்துக்குள் இவ்வளவு வெளிநாட்டுச் சரக்கா என்று கேட்கலாம். ஆமாம், இருக்கிறது.

திருவிழாவுக்குப் பேனர் வரைகிறோம், காவடி அலங்கரிக்கிறோம், கோலப் போட்டிக்குப் புது டிசைன் தேடுகிறோம். அப்போதெல்லாம் இது நம்ம பாணி இல்லையே, எங்கேயோ பார்த்துச் செய்தது மாதிரி இருக்கே என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு ஒரு நல்ல பதில் ரவி வர்மாவின் வாழ்க்கையில் கிடைக்கிறது. அதனால் அவர் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சுவரில் கிறுக்கிய பிள்ளை

ரவி வர்மா 1848 ஏப்ரல் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள கிளிமானூரில் பிறந்தார். அரச குடும்பத்தோடு சம்பந்தம் உள்ள வீடு. அம்மா உமாயம்பா பாய் கவிதை எழுதுபவர். அப்பா சமஸ்கிருதம் படித்த பண்டிதர். வீட்டில் புராணக் கதைகளுக்கும் கதகளிக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. பையனோ கரிக்கட்டையை எடுத்துச் சுவரெல்லாம் யானையும் குதிரையும் வரைந்துவிடுவான். வேலைக்காரர்கள் திட்டினார்கள். மாமா ராஜ ராஜ வர்மா மட்டும் அதில் ஒரு திறமையைப் பார்த்தார்.

அந்த மாமா தஞ்சாவூர் பாணியில் வரைபவர். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சு பூசி, தங்க ரேக்கும் கல்லும் பதித்துச் செய்யும் ஓவிய முறை அது. ரவி வர்மாவுக்குக் கோடு போடக் கற்றுத் தந்த முதல் குரு அவர்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அசல் தமிழ்க் கலை என்று நாம் கொண்டாடும் இந்தத் தஞ்சாவூர் ஓவியமே நாயக்கர் காலத்திலும் மராட்டிய மன்னர் காலத்திலும் வெளியிலிருந்து வந்த பல கைகள் கலந்து வளர்ந்த கலைதான். ரவி வர்மா பிடித்த முதல் தூரிகையிலேயே கலப்பு இருந்தது.

யாரும் கற்றுத் தராத பாடம்

14 வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாள் கலையில் பிரியம் உள்ளவர். பையனை அங்கேயே தங்க வைத்தார். ஐரோப்பிய ஓவியங்கள் அச்சான ஆல்பங்கள் அரண்மனையில் இருந்தன. அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த ரவி வர்மாவுக்கு எண்ணெய்ச் சாயத்தின் மேல் ஆசை வந்தது. நம்ம பழைய சாயங்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். எண்ணெய்ச் சாயம் காய நாளாகும். அந்த நேரத்துக்குள் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு மெல்லக் கரைத்துக் கன்னத்தின் உருட்சி, பட்டின் மினுமினுப்பு, தோளில் விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் கொண்டுவரலாம்.

ஆசை வந்தால் போதுமா? கற்றுத் தர ஆள் வேண்டுமே. எண்ணெய்ச் சாயம் தெரிந்த அரண்மனை ஓவியர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். இந்தப் பையன் நமக்குப் போட்டியாக வந்துவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கற்றுத் தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் வந்து சாயம் கலக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவி வர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். உலகம் போற்றிய ஓர் ஓவியருக்கு முதல் வாசலைத் திறந்தது பெரிய விருது எதுவும் வாங்காத ஒரு தமிழர்.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவி வர்மாவுக்கு அது போதுமாக இருந்தது. தூரிகையை எப்படிப் பிடிக்கிறார், எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறத்தை வைக்கிறார் என்று பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய் முயற்சி செய்தார். கெட்டுப்போனது, மறுபடி செய்தார். இப்படிப் பல வருஷம். பார்த்த படத்தை அப்படியே எடுத்துக்கொள்வது சுலபம். அந்தப் படம் எப்படி உண்டானது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அவர் கஷ்டமான வழியில் போனார்.

மூகாம்பிகை சந்நிதியில்

1870-வாக்கில் அவர் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போய் விரதம் இருந்து வழிபட்டார். ஓவியத்தையே தொழிலாக எடுத்துக்கொள்வது என்ற உறுதி அங்கேதான் பிறந்தது என்பார்கள். அரச குடும்பத்தோடு சேர்ந்த ஒருவர் காசு வாங்கிக்கொண்டு படம் வரைவதை அந்தக் காலத்தில் கௌரவமாக நினைக்க மாட்டார்கள். ரவி வர்மா அதைப் பொருட்படுத்தவில்லை. கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தினரை வரைந்து தம் முதல் கூலியைப் பெற்றார்.

1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு, கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்தை அனுப்பினார். ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் அது பரிசு பெற்றது. அடுத்த வருஷம் வாத்தியம் வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை வரைந்து மறுபடியும் சென்னையில் வென்றார். 1876-இல் சகுந்தலை துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் காட்சியை வரைந்தார். சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவே அதை விலைக்கு வாங்கினார்.

அதுவரைக்கும் வெள்ளைக்கார ஓவியர்கள்தான் நம்ம ராஜாக்களைத் தேடி வந்து வரைந்து சம்பாதித்துவிட்டுப் போவார்கள். இப்போது அதே சாயத்தில், அதே முறையில், நம்ம ஊர்ப் பெண்ணையும் நம்ம காவிய நாயகியையும் ஒரு மலையாள தேசத்துக்காரர் வரைந்து அவர்களையே திரும்பிப் பார்க்க வைத்தார்.

சாமிக்கு என்ன உடை?

சர் டி. மாதவ ராவ் கும்பகோணத்தில் பிறந்தவர். திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பிறகு பரோடாவுக்குத் திவானாகப் போனார். அவர் மூலமாக ரவி வர்மாவுக்குப் பரோடா அரண்மனையின் தொடர்பு கிடைத்தது. 1888-இல் மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட், இராமாயண மகாபாரதக் காட்சிகள் 14 வேண்டும் என்று கேட்டார்.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. சீதைக்கும் தமயந்திக்கும் என்ன உடை போடுவது? மலையாளப் பெண் உடுத்துவது ஒரு மாதிரி, மராட்டியப் பெண் ஒரு மாதிரி, வங்காளப் பெண் வேறு மாதிரி. பாரத தேசம் முழுக்க இது நம்மவள் என்று சொல்லும்படியான உடை எது? ரவி வர்மா தம் தம்பி சி. ராஜ ராஜ வர்மாவோடு வட இந்தியா எங்கும் பயணம் போனார். கோயில், சிற்பம், ஊர் ஊரான உடை என்று பார்த்துக்கொண்டே போனார். எல்லா ஊருக்கும் பொதுவான பழைய உடை என்று ஒன்று கிடைக்கவில்லை. கடைசியில் சேலையைத் தேர்ந்தெடுத்தார்.

இன்றைக்கு அம்பாள் என்றால் சேலைதான் என்று நமக்குத் தோன்றுகிறதே, அதில் இந்தத் தேடலுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. பழைய கற்சிலைகளைப் பாருங்கள், உடை வேறு மாதிரி இருக்கும். பழையதை அப்படியே எடுத்து வைக்கவும் இல்லை, ஐரோப்பிய கவுனை மாட்டிவிடவும் இல்லை. அவர் காலத்துப் பெண்கள் உடுத்தியதிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துத் தெய்வத்துக்குக் கொடுத்தார். மைசூர் அரண்மனைக்காக அவர் வரைந்த இசைக் குழு ஓவியத்திலும் 11 பெண்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிரதேசத்தின் உடை. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இப்படிப்பட்ட இந்தியப் பெண்களின் படங்கள் 10 அனுப்பினார். அங்கேயும் பதக்கங்கள் கிடைத்தன. நம்ம சுவாமி விவேகானந்தர் சர்வமத சபையில் பேசியதும் அதே ஊரில், அதே ஆண்டுதான்.

கோயிலுக்குள் போக முடியாதவரிடம் போன தெய்வம்

ஓவியத்தை அரண்மனையில் மாட்டினால் ராஜா பார்ப்பார், விருந்தாளி பார்ப்பார். ஏழை ஜனங்கள்? இந்தப் படங்களை வண்ண அச்சில் பல பிரதிகள் எடுக்கலாமே என்று மாதவ ராவ் முன்பே கடிதம் எழுதி ஆலோசனை சொல்லியிருந்தார். 1894-இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்ப ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள்.

அந்த அச்சு முறைக்கு ஓலியோகிராப் என்று பெயர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிச் சுண்ணாம்புக் கல். ஓவியத்தைப் பார்த்துப் பார்த்து நிறம் நிறமாகப் பிரித்துக் கல்லில் வரைய வேண்டும். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் மயிரிழை பிசகாமல் பதிந்து வர வேண்டும். கடைசியில் வார்னிஷ் அடித்தால் அசல் எண்ணெய் ஓவியம் மாதிரியே பளபளக்கும். அவருக்கு முன்பே கல்கத்தாவிலும் பூனாவிலும் சாமி படங்கள் அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இந்த லட்சுமியும் சரஸ்வதியும் போன தூரம் வேறு எந்தப் படமும் போகவில்லை.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் பல கோயில்களுக்குள் நுழைய முடியாது. திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பரில்தான். அதற்கு 40 வருஷத்துக்கு முன்னாலேயே, அதே சமஸ்தானத்துப் பெரிய குடும்பத்தில் பிறந்த ஒருவர் வரைந்த லட்சுமி, சில காசுக்குக் கடையில் கிடைத்தாள். யாரிடமும் அனுமதி கேட்காமல் குடிசைச் சுவரில் மாட்டலாம், விளக்கு ஏற்றலாம், கண்ணாரப் பார்த்துக் கும்பிடலாம். கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்த நம் தாத்தா பாட்டிமாரில் எத்தனை பேர் ஊரில் கர்ப்பக்கிரகத்து வாசலைக்கூடப் பார்க்காதவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சாமி படத்தின் அருமை அப்போது புரியும். வெளிநாட்டு இயந்திரம் நம்ம தெய்வத்தை நம்மவரிடமே கொண்டு வந்து சேர்த்தது.

நஷ்டமும் பழியும்

புகழ் வந்தது, பணம் நிற்கவில்லை. அச்சகம் கடனில் ஓடியது. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது, தொழில் படுத்தது. அச்சகத்தை லோனாவாலா அருகே மலவலிக்கு மாற்றினார்கள். அப்படியும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1900-களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைகரிடமே அச்சகம் கைமாறியது. பல படங்களை அச்சிடும் உரிமையும் அதோடு போனது. பிறகு அவர் படங்களையும் அவற்றைப் பார்த்து வரைந்தவற்றையும் காலண்டர், தீப்பெட்டி, விளம்பரம் என்று யார் யாரோ போட்டுச் சம்பாதித்தார்கள். கற்றுத் தர ஆளில்லாமல் தவித்தவரின் உழைப்பு கடைசியில் கண்டவர் கைக்கெல்லாம் போனது.

1905-இல் தோளோடு தோள் நின்ற தம்பி இறந்தார். ரவி வர்மா நீரிழிவு நோயால் அவதிப்பட்டு 1906 அக்டோபர் 2-ஆம் தேதி கிளிமானூரில் காலமானார். வயது 58.

அவர் கண் மூடிய பிறகு விமர்சனம் பலமானது. கொழும்பில் பிறந்த தமிழர் வழி அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, சகோதரி நிவேதிதை போன்றவர்கள் அவரைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். படங்கள் மேடை நாடகம் மாதிரி இருக்கின்றன, தெய்வத்தைச் சாதாரண மனிதராக்கிவிட்டார், ஐரோப்பிய முறையில் மயங்கி இந்திய ஆன்மாவை விட்டுவிட்டார் என்பது அவர்கள் கட்சி. அசல் இந்திய ஓவியத்துக்கு உதாரணமாக அவர்கள் காட்டியது வங்காளத்து அவனீந்திரநாத் தாகூரின் பாணியை. வேடிக்கை என்னவென்றால், 1903-இல் கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானிய ஓவியர்களிடம் நீர்ச்சாயத்தைக் கழுவிக் கழுவித் தீட்டும் முறையைக் கற்றவர் அவர். 1905-இல் அவர் வரைந்த பாரத மாதாவும் அந்த முறையில் வந்ததுதான். ஒருவர் மேற்கே பார்த்துக் கற்றார், இன்னொருவர் கிழக்கே பார்த்துக் கற்றார். யார் வெளியில் கற்றது என்று மட்டும் கேட்டால் இரண்டு பேரும் குற்றவாளிதான்.

அதற்காக விமர்சனத்தையெல்லாம் தள்ளிவிடவும் கூடாது. ஒன்று நியாயமானது. ரவி வர்மாவின் தேவிகள் பெரும்பாலும் சிவந்த நிறம், மேட்டுக்குடி முகம். அந்த முகம் லட்சக்கணக்கில் அச்சாகிப் பரவியதும், தெய்வம் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று ஆகிவிட்டது. கறுத்த அம்மனும், மீசை முறுக்கிய காவல் தெய்வமும் பின்னால் போய்விட்டார்கள். இதில் அவர் குற்றம் பாதி. அவருக்குப் பின் வந்தவர்கள் அவரையே திருப்பித் திருப்பி எடுத்து வரைந்தது மீதிப் பாதி.

நமக்கு என்ன மிச்சம்?

நல்ல வாரிசுகளும் இருந்தார்கள். ரவி வர்மா அச்சகத்தில் வேலை செய்த பால்கேதான் 1913-இல் ராஜா அரிச்சந்திரா படத்தை எடுத்து இந்திய சினிமாவின் தந்தை ஆனார். தமிழ்நாட்டில் நாடகத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்த சி. கொண்டையராஜு, கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களை உருவாக்கினார். அவர்கள் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகிக் கடல் தாண்டி மலேசியாவுக்கும் வந்தார்கள். நம்ம கடைகளில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த காலண்டர்களை நினைத்துப் பாருங்கள். ரவி வர்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டு அதில் தமிழ் முகமும் தமிழ்க் கோயிலும் சேர்த்தவர்கள் அவர்கள்.

நம்ம மலாக்காவிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மலாக்கா செட்டிகள் வீட்டில் மலாய் பேசுகிறார்கள், பெண்கள் கெபாயாவும் சாரோங்கும் உடுத்துகிறார்கள். ஆனால் 1781-இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலை இன்றுவரை காப்பாற்றி வருவது அவர்கள் சமூகம்தான். வெளியிலிருந்து வந்தது உடையிலும் பேச்சிலும் சேர்ந்தது, பக்தி போகவில்லை.

ஆக, ஒரு வேலையைப் பார்த்து இது வெளியிலிருந்து வந்ததா என்று கேட்பது பாதிக் கேள்விதான். இதைச் செய்தவர் அந்த முறையை உழைத்துக் கற்றாரா? நம்ம மக்களுக்கு இதனால் என்ன கிடைத்தது? எடுத்ததில் தன்னுடையது என்று எதைச் சேர்த்தார்? இதையும் சேர்த்துக் கேட்டால்தான் கேள்வி முழுசாகும். ரவி வர்மா இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தவர். கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் பேனர் அடித்தால் நம்மால் சொல்ல முடியுமா? அது இந்தியாவிலிருந்து எடுத்த படமாக இருந்தாலும் நகல் நகல்தான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம்ம தோட்டத்துக் கோயில்களில் முனியாண்டியும் மதுரை வீரனும் காளியம்மாவும் இருக்கிறார்கள். ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் நம்மவர்களைக் காத்த தெய்வங்கள் அவர்கள். பல தோட்டங்கள் இன்று இல்லை, சில கோயில்களும் இடம் மாறிவிட்டன. அந்தத் தெய்வங்களை நம் மண்ணோடு, நம் மனிதர் முகத்தோடு, நம் வெயிலோடு வரைய ஓர் ஆள் வேண்டும். அதற்கு எண்ணெய்ச் சாயம் எடுத்தாலும் சரி, கணினி எடுத்தாலும் சரி. வரையத் தெரிந்த தம்பியோ தங்கையோ உங்களில் இருந்தால், அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். பெரியவர்களிடம் அந்தச் சாமியின் கதையைக் கேளுங்கள். வரைந்ததை நம் மன்றத்துக்கும் கொண்டு வந்து காட்டுங்கள்.